ஊரிலிருந்து வந்தவர்களை எந்த பேஸ்பால் மைதானத்துக்குக் கூட்டிப்போவது?

கோடை வந்தால் அமெரிக்காவின் வட கரோலினாவில் கேரி, மாரிஸ்வில் பக்கத்துத் தமிழ் வீடுகள் பலவற்றில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள். முதல் வாரம் கோயில். அடுத்து வாஷிங்டன், முடிந்தால் நயாகரா. மூன்றாவது வாரத்தில் அப்பா ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆளில்லாத தெருவைப் பார்க்க ஆரம்பிப்பார். சரி, ஒரு பேஸ்பால் மேட்ச் காட்டலாமே என்ற யோசனை பெரும்பாலும் அப்போதுதான் வரும்.

வட கரோலினாவில் பெரிய லீக் அணி எதுவும் கிடையாது. அட்லாண்டாவுக்கோ வாஷிங்டனுக்கோதான் போக வேண்டும். ஆனால் மைனர் லீக் மைதானங்களுக்குக் குறைவே இல்லை. எங்கள் வீட்டில் பேச்சு வந்தபோது மூன்று பெயர்கள் அடிபட்டன: டர்ஹம், ஷார்லட், ஆஷ்வில். இந்த மூன்றையும் ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் என்னிடம் கேட்கிறார். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். எந்த அணி நன்றாக ஆடுகிறது என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐபிஎல் கண்ணோட்டம் இங்கே உதவாது. பெரிய லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு மைனர் லீக் அணிகள், ஆக 120. இந்த வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது மேலே இருக்கும் தாய் அணி. யார் எங்கே ஆட வேண்டும் என்று சொல்வதும் அதுதான். நேற்று இரண்டு ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது, நம் சிக்ஸர் மாதிரி) அடித்த பையனுக்கு ராத்திரியே போன் வரும், காலையில் அவன் வேறு ஊரில் இருப்பான். உள்ளூர் முதலாளி கையில் மிச்சம் இருப்பது டிக்கெட், தின்பண்டக் கடை, மைதானம், அந்த மாலைப் பொழுது. ஆகவே அவர்கள் மெனக்கெடுவதும் அந்த இடத்தின் மேல்தான். நாமும் இடத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பக்கத்திலேயே ஸெபுலன் ஊரில் ஃபைவ் கவுண்டி ஸ்டேடியம் ஒன்று இருந்ததே என்பவர்களுக்கு: அங்கே ஆடிய கரோலினா மட்கேட்ஸ் அணிக்கு 2025தான் கடைசி சீசன். வில்சன் நகருக்குப் போய்விட்டது, பெயரும் மாறிவிட்டது. அந்த மைதானம் 1991இல் ஏன் வயல்வெளிக்கு நடுவில் வந்தது தெரியுமா? ஒரு அணியின் எல்லையிலிருந்து 35 மைலுக்குள் இன்னொரு அணி கடை விரிக்கக் கூடாது என்று விதி. டர்ஹமிலிருந்து அளந்து, அந்தக் கோட்டுக்குச் சற்று வெளியே இடம் பிடித்தார்கள். அந்தக் கதை போதும், அதை விட்டுவிடலாம்.

இனி டர்ஹம். கேரியிலிருந்து இருபது மைல் சொச்சம், சாலை ஒத்துழைத்தால் அரை மணி நேரம். உண்மையில் இங்கே இரண்டு மைதானங்கள் இருக்கின்றன. பழையதைத் தெரிந்துகொள்ளாமல் புதியதைப் பார்ப்பது பாதிப் படம் பார்ப்பது மாதிரி.

பழையது டர்ஹம் அத்லெடிக் பார்க். 1926இல் எல் டோரோ பார்க் என்ற பெயரில் திறந்தது. ஸ்பானிய மொழியில் எல் டோரோ என்றால் காளை. ஊரே புகையிலையால் வளர்ந்த ஊர், அந்தப் புகையிலைப் பொட்டலத்தின் அடையாளம் காளை. அணியின் பெயரும் புல்ஸ். 1939 ஜூன் மாதத்தில் ஒரு ராத்திரி மரத்தாலான பார்வையாளர் மாடம் முழுக்க எரிந்து போனது. பிறகு கான்கிரீட்டும் இரும்புமாகத் திரும்பக் கட்டினார்கள். கூம்புத் தொப்பி போட்ட வட்டமான டிக்கெட் கோபுரம் இன்னும் வாசலில் நிற்கிறது. வெள்ளையர், கறுப்பர் தனித்தனியாக உட்கார்ந்த காலமும் இதே மாடத்தில்தான் கழிந்தது. பின்னாளில் பெரிய லீக்கின் மகத்தான வீரர்களில் ஒருவரான ஜோ மோர்கன் 1963இல் இங்கே ஆடினார். அவருடைய 18ஆம் எண்ணை புல்ஸ் அணி இப்போது வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.

1987இல் டர்ஹமில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஊரின் பெரிய சிகரெட் ஆலையான அமெரிக்கன் டொபாக்கோ மூடப்பட்டது. அதே வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு சினிமாக் கூட்டம் இந்தப் பழைய மைதானத்தில் வந்து இறங்கியது. கெவின் காஸ்ட்னர் நடித்த ‘புல் டர்ஹம்’ படம் 1988இல் வெளிவந்து நன்றாக ஓடியது. அதுவரை அக்கம்பக்கத்துக்கு மட்டும் தெரிந்த அணியின் பெயர் நாடு முழுக்கப் பரவி, சின்ன மைதானத்தில் கூட்டம் தாங்கவில்லை. 1990இல் புது மைதானத்துக்குக் கடன் வாங்கலாமா என்று ஊர்மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள், மக்கள் முடியாது என்றார்கள். அடுத்த வருடம் கேபிடல் பிராட்காஸ்டிங் நிறுவனத்தின் ஜிம் குட்மன் அணியை வாங்கி, விமான நிலையத்துப் பக்கம் கொண்டுபோகலாம் என்று யோசித்தார். அணி ஊரை விட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் நகராட்சி வேறு வழியில் பணம் திரட்டி, மூடிக் கிடந்த சிகரெட் ஆலைக்கு எதிரிலேயே மைதானம் கட்டிக் கொடுத்தது. ‘வேண்டாம்’ என்று சொன்ன மக்கள்தான் இன்று அங்கே வரிசையில் நிற்கிறார்கள்.

அந்தப் புதியதுதான் டர்ஹம் புல்ஸ் அத்லெடிக் பார்க். 1995 ஏப்ரலில் திறந்தது. பால்டிமோரில் கேம்டன் யார்ட்ஸ் மைதானத்தை வடிவமைத்த அதே ஹெச்ஓகே ஸ்போர்ட் நிறுவனத்தின் வேலை. புதிதாகக் கட்டினாலும் பழைய ஆலைகளோடு ஒட்டிப் போகும் செங்கல் முகம். 1998இல் அணி மைனர் லீக்கின் உச்சப் படியான டிரிபிள்-ஏவுக்கு ஏறி, டாம்பா பே அணியின் கீழ் வந்தது. அப்போது இருக்கைகளும் கூடின. இப்போது பத்தாயிரம் பேர் உட்காரலாம்.

ஆனால் கூட்டிப்போக வேண்டிய காரணம் இதெல்லாம் இல்லை. இடது பக்கச் சுவர்தான். பாஸ்டனில் ஃபென்வே பார்க்கின் பச்சைச் சுவரைப் போல இங்கே நீலம். 32 அடி உயரம், அதாவது மூன்று மாடி வீடு. பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து வெறும் 305 அடியில் நிற்கிறது. நம் கணக்கில் 93 மீட்டர். கிரிக்கெட்டுக்கு அது நீண்ட பவுண்டரி, பேஸ்பாலுக்குக் கிட்டத்து எல்லை. வேறு ஊரில் நிச்சயம் ஹோம் ரன் ஆகியிருக்கும் தாழ்ந்த, வேகமான அடி இங்கே சுவரில் மோதித் திரும்பிவிடும். வேறு ஊரில் சும்மா கேட்ச் ஆகியிருக்கும் தூக்கிய அடி இங்கே சுவரைத் தாண்டிவிடும்.

என் அப்பாவுடன் போனபோது இரண்டாவது இன்னிங்ஸிலேயே (பேஸ்பாலில் மொத்தம் ஒன்பது) அது நடந்தது. டொக்கென்று ஒரு சத்தம். பந்து சுவரின் நடு உயரத்தில் பட்டது. இடது பக்க ஃபீல்டர் ஓடவில்லை. நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரையே பார்த்து, பந்து எங்கே வந்து விழும் என்று காத்து நின்றார். வந்ததும் ஒரே கையால் எடுத்துத் திரும்பி எறிந்தார். அப்பா பாதி எழுந்துவிட்டார்.

“ஏம்பா, இது ஃபோரா சிக்ஸா?”

“ரெண்டும் இல்லப்பா. அவன் ஓடின வரைக்கும்தான் கணக்கு.”

“அப்போ எதுக்கு அவ்ளோ பெரிய சுவரு?”

நல்ல கேள்வி. அந்தச் சுவரின் மேலே ஒரு காளை நிற்கிறது. புல்ஸ் வீரர் ஹோம் ரன் அடித்தால் அதன் கண் சிவக்கும், மூக்கிலிருந்து புகை வரும், வால் ஆடும். காளையைப் பந்தால் அடித்தால் மாட்டிறைச்சி ஸ்டேக் பரிசு என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். சினிமாவுக்காகப் பழைய மைதானத்தில் செய்து வைத்த பலகையின் வாரிசு இது. படம் முடிந்தும் அதைக் கழற்ற மனசு வரவில்லை. இன்னொரு வரியும் உண்டு: காளையின் காலடியில் இருக்கும் புல்லை அடித்தால் சாலட். எங்கள் அம்மா சைவம். எழுத்தைப் படித்துச் சொன்னதும் ஆட்டம் முழுக்கப் புல் கட்சியாகிவிட்டார்.

சாப்பாடு என்றதும் சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று இடங்களிலும் சைவத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல், பிரெட்ஸல், பாப்கார்ன், ஓடுடைய வேர்க்கடலை, ஐஸ்கிரீம் என்று ஒப்பேற்றலாம். வயிறு நிறையாது. வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஷார்லட்டுக்கு வருவோம். ட்ரூயிஸ்ட் ஃபீல்டு 2014 ஏப்ரலில் திறந்தது, செலவு 5 கோடி டாலருக்கு மேல். அதற்கு முன் ஷார்லட் நைட்ஸ் அணி ஷார்லட்டிலேயே ஆடவில்லை. மாநில எல்லையைத் தாண்டி தென் கரோலினாவில் ஃபோர்ட் மில் என்ற ஊரில், நெடுஞ்சாலையோரம் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே இருபது வருடத்துக்கு மேல் ஆடி, பின்னாளில் கூட்டம் சேராமல் திணறிய அணி, நகரின் நடுவுக்கு வந்த முதல் வருடமே மொத்தம் ஆறே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இழுத்தது. அந்த ஆண்டு மைனர் லீக் முழுவதிலும் அதுதான் அதிகம். அணி அதே அணி, லீக் அதே லீக். மாறியது இடம் மட்டும்தான்.

அந்த இடத்தின் சிறப்பை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: எதிரே வானளாவிய கட்டடங்கள். வெளிச்சம் மங்க மங்க ஒவ்வொரு கோபுரமாக விளக்கேறும். பிட்ச்சர் பந்து போடும்போது அவர் தலைக்குப் பின்னால் வங்கித் தலைமையகங்கள் நிற்கும். படம் எடுத்து ஊருக்கு அனுப்புவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. அமெரிக்கா என்றால் உயரமான கட்டடம் என்று நினைத்து வந்தவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மற்றபடி மைதானத்துக்கென்று தனிக் குணம் எதுவும் எனக்குப் படவில்லை. எல்லைகள் கிட்டத்தில் என்பதால் ஹோம் ரன் நிறைய விழும், அது ஒரு லாபம். ஆனால் கேரியிலிருந்து இரண்டரை மணி நேரம். ராத்திரி பத்து மணிக்கு ஆட்டம் முடிந்து, தூங்கிப்போன பெற்றோருடன் ஐ-85 நெடுஞ்சாலையில் திரும்புவதை ஒரு முறை செய்து பார்த்தேன், இன்னொரு முறை செய்ய மாட்டேன். ஷார்லட்டில் உறவினர் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஆஷ்வில் வேறு ரகம். நாலு மணி நேரப் பயணம், மலையூர், தங்காமல் முடியாது. ஆனால் மெக்கார்மிக் ஃபீல்டு என்னும் அந்த மைதானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. மலைச்சரிவைக் குடைந்து 1924இல் திறந்தது. பெயர் எந்த வீரருடையதும் இல்லை, எந்த வங்கியுடையதும் இல்லை. லூயிஸ் மெக்கார்மிக் என்ற நுண்ணுயிரியல் மருத்துவர், அந்த ஊரில் ஈக்களை ஒழிக்க இயக்கம் நடத்தியவர். ஈ அடித்தவர் பெயரில் ஒரு ஸ்டேடியம்! ஈ ஓட்டுவது என்றால் நம் ஊரில் வேலையில்லாமல் இருப்பது. அங்கே அதற்குக் கோட்டையே கட்டிவிட்டார்கள்.

திறந்த வருடம் டெட்ராயிட் அணி காட்சி ஆட்டம் ஆட வந்தது, அதன் நட்சத்திர வீரர் டை காப் ஹோம் ரன் அடித்தார். மறு வருடம் அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திரமான பேப் ரூத் தன் நியூயார்க் யாங்கீஸ் அணியோடு இந்த ஊருக்கு ரயிலில் வந்து இறங்கி, ஸ்டேஷனிலேயே மயங்கி விழுந்தார். அளவில்லாமல் தின்றதால் வந்த வயிற்று வலி என்று பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. இறந்தே போனார் என்றுகூட வதந்தி பரவியது. பிழைத்து வந்து, 1931இல் சக வீரர் லூ கெரிக்குடன் இதே மைதானத்தில் ஆடினார். ‘புல் டர்ஹம்’ படத்தின் கடைசிப் பகுதியில் நாயகன் டர்ஹமை விட்டு ஆஷ்வில் அணிக்குப் போய் ஆடுவான். அதையும் இங்கேயேதான் எடுத்தார்கள். மரத்தாலான பழைய மாடத்தை 1991 சீசனுக்குப் பிறகு இடித்துவிட்டு, செங்கல்லில் கட்டி 1992இல் திறந்தார்கள். ஆக, நீங்கள் உட்காரும் நாற்காலி நூறு வருடத்தது இல்லை. மண்ணும் சரிவும் மட்டும்தான் பழசு. இதைச் சொல்லாமல் ‘நூற்றாண்டு மைதானம்’ என்று மட்டும் விளம்பரம் செய்வது எனக்குப் பிடிக்காது.

இங்கேயும் ஒரு சுவர் உண்டு, வலது பக்கம். 297 அடிதான் தூரம், மலை அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை. அதனால் 36 அடி உயரத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். டர்ஹம் சுவரைவிட நான்கு அடி கூட. அதன் பின்னால் மரங்கள், மரங்களுக்கு மேல் மலை. சுமார் நாலாயிரம் பேருக்குத்தான் இடம் என்பதால் எங்கே உட்கார்ந்தாலும் பேட்டர் பேசுவதே கேட்கும் போலிருக்கும். ஒரு காலத்தில் இந்த அணியும் ஊரைவிட்டுப் போகும் நிலை வந்தது. 2021இல் பெரிய லீக் மைனர் லீக்கைத் திருத்தி அமைத்தபோது 160 அணிகள் 120 ஆயின. மிஞ்சிய அணிகளுக்கும் வெளிச்சம், உடை மாற்றும் அறை, பயிற்சிக்கூடம் என்று புதிய நிபந்தனைகள் வந்தன. ஆஷ்வில் நகரமும் மற்றவர்களும் சேர்ந்து 3 கோடி டாலருக்கு மேல் செலவிட 2023இல் ஒப்புக்கொண்ட பிறகுதான் அணி தங்கியது. மலையைப் பார்க்க எப்படியும் போகப் போகிறீர்கள் என்றால் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். இதற்காகவே போவதென்றால், வந்திருப்பவர் சரித்திரப் பைத்தியமாக இருக்க வேண்டும்.

ஆட்டத் தரத்திலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. டர்ஹமும் ஷார்லட்டும் டிரிபிள்-ஏ. பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே, பிட்ச்சர்கள் பந்தை எங்கே போட நினைக்கிறார்களோ அங்கே போடுவார்கள். ஆஷ்வில் ஹை-ஏ, அதற்கும் இரண்டு படி கீழே. பையன்கள் சின்னவர்கள், தப்பு நிறைய நடக்கும், சிலருக்கு அதுவே சுவாரசியம். கிரிக்கெட் பார்த்துப் பழகியவருக்கு டிரிபிள்-ஏவில் ஒரு பிடி கிடைக்கும். அம்பயர் சொன்ன ஸ்ட்ரைக்கை (அடிக்கக்கூடிய சரியான பந்து என்ற தீர்ப்பை) நம்பாவிட்டால் பேட்டர் தன் ஹெல்மெட்டைத் தட்டுவார், பந்து எங்கே போனது என்று பெரிய திரையில் வரும். டிஆர்எஸ்தான். என் அப்பாவுக்கு அங்கேதான் ஆட்டம் புரிய ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அம்பயரை அவர் திட்டியதில் எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

ஆக, முதல் தடவை என்றால் என் ஓட்டு டர்ஹமுக்கு. பக்கத்தில் இருப்பது ஒரு காரணம். இன்னொன்று, கதை தெரியாதவருக்கும் அந்தச் சுவர் தானே புரிந்துவிடும். சீசனில் உள்ளூர் ஆட்டங்கள் 75, அதனால் தேதிக்குப் பஞ்சமில்லை. இப்போதெல்லாம் வெளியூர் அணி செவ்வாய் வந்து ஞாயிறு வரை தங்கி ஆறு ஆட்டம் ஆடும். திங்கள் விடுமுறை. செவ்வாய், புதனில் கூட்டம் குறைவு, பெரியவர்களுக்குப் படியேற வசதி. பந்து போட நேரக் கட்டுப்பாடு வந்த பிறகு ஆட்டம் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஏப்ரல் ராத்திரியில் குளிரும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் வேறு மாதிரி வேகும்.

ஐந்தரை மணிக்கே கிளம்புங்கள். முதலில் பழைய மைதானத்தின் வாசலில் வண்டியை நிறுத்தி அந்தக் கூம்புக் கோபுரத்தைக் காட்டுங்கள். புதியதிலிருந்து ஒரு மைல் தொலைவுதான். பத்து நிமிடம் போதும். பிறகு சிகரெட் ஆலைக்கு வாருங்கள். 2004 முதல் அது அலுவலகங்களும் சாப்பாட்டுக் கடைகளுமாக மாறிவிட்டது. லக்கி ஸ்ட்ரைக் என்று எழுதிய தண்ணீர்த் தொட்டி மட்டும் அப்படியே நிற்கிறது. டிக்கெட் வாங்கும்போது முதல் பேஸ் பக்கம் (பேட்டருக்குப் பின்னாலிருந்து பார்த்தால் வலது பக்கம்) கேளுங்கள், நீலச் சுவரும் காளையும் நேரெதிரே தெரியும். மூன்றாம் பேஸ் பக்கம் உட்கார்ந்தால் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தச் சுவரின் ஸ்கோர் பலகையில் எண்களை இன்னும் கையால்தான் மாற்றுகிறார்கள். நம் ஊரில் மாநகராட்சி மைதானத்தில் கிரிக்கெட் லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதியவர் என் அப்பா. ஐந்தாவது இன்னிங்ஸ் வாக்கில் அதைக் கவனித்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ரன் வரும்போதும் பேட்டரைப் பார்க்கவில்லை. பலகையில் எண் மாற எத்தனை விநாடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.